கனகேஸ்வரியின் வண்டி வீடு ஓடாத நாள்கள்

மெக்காலிஸ்டர் சாலையில் கனகேஸ்வரியைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் அன்று காலையில்தான் பினாங்கில் வந்து இறங்கியிருக்க வேண்டும். அரசாங்க அலுவலகத்தில் பாதி ஆயுளை ஒரே நாற்காலியில் உட்கார்ந்து தட்டச்சு செய்தே கழித்தவள். ஓய்வு பெற்ற மறுநாளே அவளுடைய கால்கள் விட்டுப்போன நடையையெல்லாம் மொத்தமாகக் கேட்டன. தண்ணீர்மலைக் கோயிலில் மற்றவர்கள் மூன்று சுற்று வந்தால், இவள் கணக்கு மறந்து சுற்றிக்கொண்டே இருப்பாள். நடை சாத்தும் முன் குருக்கள் அவளைத் தேடிப் பிடித்து வெளியே அனுப்ப வேண்டியிருக்கும். கடலுக்கு மேல் பாலம் திறந்ததும், அக்கரையில் ஒரு தேத்தண்ணீர் குடிப்பதற்கென்றே போய்த் திரும்பினாள். பாலத்தில் எங்காவது தார் தேய்ந்திருந்தால் அது தன் மனைவியின் வேலைதான் என்று அவள் கணவர் தியாகராஜா அடித்துச் சொல்வார்.

தியாகராஜா துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மின்விசிறிக்குக் கீழே அவர் கண் மூடிவிட்டால், துறைமுகத்துக் கப்பலெல்லாம் சேர்ந்து ஊதினாலும் அசைய மாட்டார்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அந்த வண்டி வீடு வந்து சேர்ந்தது. இங்கிலாந்திலிருந்து நாடு நாடாக ஓட்டிக்கொண்டு வந்த ஒரு தம்பதி, பினாங்கோடு ஆசை தீர்ந்து விமானம் ஏறிவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போனதைக் கனகேஸ்வரி வாங்கிவிட்டாள். உள்ளே கட்டில், அடுப்பு, கைகழுவும் தொட்டி, குட்டிக் குளிர்பெட்டி, விசிறி எல்லாம் இருந்தன. ஜன்னலுக்குத் திரைச்சீலைகூட உண்டு. கட்டிலுக்கு அடியில் இரும்புப் பெட்டி ஒன்று. வீட்டுச் சுவரிலிருந்து கம்பி இழுத்து அதில் சொருகினால், வீட்டு மின்சாரத்தை அது பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும். பேட்டரியையும் நிரப்பி வைக்கும். நடுவழியில் விளக்கும் விசிறியும் அந்தப் பேட்டரியை நம்பித்தான்.

பெட்டிக்கு வயதாகிவிட்டது. பேட்டரியை நிரப்புவதற்குப் பதிலாக அதிலிருந்த தண்ணீரைக் கொதிக்க வைத்தது. முதல் பயணமாகப் பத்து ஃபெரிங்கி கடற்கரைக்குப் போன அன்று விசிறி நின்று, விளக்கும் அணைந்தது. கொசுக்கள் தியாகராஜாவைத் தூக்கிக்கொண்டு போகாதது அவற்றுக்குள் ஒற்றுமை இல்லாததால்தான். வீடு திரும்பிய கையோடு அவர், வண்டியைத் தந்துவிடுவதாக நாச்சியப்பனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அக்கரையில், புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலை வாசலில் வண்டியை நிறுத்திச் சாப்பாட்டுக் கடை போட நாச்சியப்பன் வண்டி வந்த நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்.

கனகேஸ்வரி அன்று முழுதும் உட்காரவே இல்லை. கடைசியில் தியாகராஜாவே இறங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை நாச்சியப்பன் வருவார். அன்று பகல் நான் இந்த வண்டிக்குள்ளே தூங்கிப் பார்ப்பேன், நான் எழும்பும்வரை விசிறி சுற்றினால் வண்டி உனக்கு, நடுவில் நின்றால் அவருக்கு என்று சொல்லிவிட்டார்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் மின்சாமான் கடை வைத்திருந்த முகம்மது கனியிடம் போய், புதுப் பெட்டியும் புதுப் பேட்டரியும் வாங்கி வந்தாள். வந்த நேரம்தான் சரியில்லை. மறுநாள் ஆயுத பூசை. தியாகராஜா இரண்டையும் சாமி அறையில் புத்தகங்களோடு சேர்த்து வைத்து, சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாகப் பொட்டிட்டார். பேட்டரியின் தலையில் நிற்கும் இரண்டு ஈயக் குமிழ்களுக்கும் உச்சியிலிருந்து அடிவரை பூசினார். அன்று எதையும் தொடக்கூடாது. கனகேஸ்வரி கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்த நடையில் கோலாலம்பூர் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

விஜயதசமியன்று காலை, பூசை முடிந்ததும் முடியாததுமாகக் கட்டிலுக்கு அடியில் புகுந்தாள். சுவர்க் கம்பியைப் பிடுங்கினாள், பழைய பேட்டரியைக் கழற்றினாள், எந்தக் கம்பி எங்கே என்று மறக்காமலிருக்கப் பழைய சேலைத் துணியைக் கிழித்து முடிந்தாள். புதுப் பெட்டி அழகாக உட்கார்ந்தது. பேட்டரியில் கம்பியின் பிடிப்பை மாட்டப் போனபோதுதான் கை தயங்கியது. குமிழில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. சாமிக்கு வைத்த பொட்டைத் துடைப்பதா? நல்ல சகுனமாகவே இருக்கட்டும் என்று, அதன்மேலேயே பிடிப்பை வைத்து முறுக்கினாள்.

சுவர்க் கம்பியைச் சொருகினால் விசிறி சுற்றியது. பிடுங்கினால் முனகிவிட்டு நின்றது. பேட்டரி நிரம்புகிறதா என்று காட்டும் முள் செத்துக் கிடந்தது.

அதற்குப் பிறகு அவள் கடைக்கும் வீட்டுக்கும் அலைந்த அலைச்சலில், கடைக்கு எதிரே நாசி கண்டார் சோறு விற்பவர் அவள் தலை தெரிந்ததுமே தட்டு வைக்கத் தொடங்கிவிட்டார். கனி முதலில் ஃபியூஸ் என்றார். பிறகு கம்பி என்றார். பெட்டியைக்கூட மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்.

"அக்கா, பேட்டரி பொறக்கும்போதே செத்துப் பொறந்துருச்சுலா," என்றார் கடைசியில். "வேற வரணும்னா அடுத்த வாரம்தான்."

"அடுத்த வாரம் என் வண்டியில மீ கோரெங் வித்துட்டு இருப்பாங்க தம்பி."

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. கோப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். வண்டிக்குள் ஏறி, சுவர்க் கம்பி இல்லாமலே விளக்கு, விசிறி, குளிர்பெட்டி எல்லாவற்றையும் கோபத்தோடு ஒரேயடியாகத் தட்டிவிட்டாள். விளக்குகள் மங்கலாகத் துடித்தன. அப்போது சந்தன வாசனை வந்தது. வீட்டில் இன்னும் சாமி விளக்குக்கூட ஏற்றவில்லை. மூக்கை நீட்டிக்கொண்டே குனிந்து கட்டிலுக்கு அடியில் போனாள். பேட்டரியின் பிடிப்பைத் தொட்டவள் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள், அப்படிச் சுட்டது. பிடிப்பின் ஓரத்தில் சந்தனம் பழுப்பாக வறுபட்டுக் கொண்டிருந்தது. ஈயத்துக்கும் பிடிப்புக்கும் நடுவே மின்சாரத்தை விடாமல் நான்கு நாளாகக் காவல் நின்றது அந்தப் பொட்டுத்தான்.

எல்லாவற்றையும் அணைத்தாள். கத்தியை எடுத்து வந்தாள்.

"பிள்ளையாரப்பா, நான் அழிக்கல. இடம் மாத்துறேன்."

குமிழ்கள் பளபளக்கும்வரை சுரண்டினாள். புதுச் சந்தனம் எடுத்து வந்து, பெட்டியின் மூடியில், ஒன்றையும் தடுக்காத இடமாகப் பார்த்து வைத்தாள். பிடிப்புகளை முறுக்கிச் சுவர்க் கம்பியைச் சொருகியதும் முள் துள்ளி எழுந்தது.

பகல் சாப்பாடுவரை பேட்டரி மின்சாரம் குடித்தது. நாச்சியப்பன் வெள்ளை வேட்டியோடு வந்து வாசல் நாற்காலியில் அமர்ந்தார். தியாகராஜா தலையணையோடு வண்டிக்குள் ஏறினார். கனகேஸ்வரி சுவர்க் கம்பியை எல்லோரும் பார்க்கப் பிடுங்கிச் சுருட்டினாள். விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.

நாச்சியப்பன் நாளிதழைப் படித்து முடித்தார். கோப்பி கேட்டார். மறுபடியும் கேட்டார். கனகேஸ்வரி வாசலுக்கும் வண்டிக்குமாக நடந்தாள்; ஒவ்வொரு முறையும் ஜன்னல் திரையை விலக்கி விசிறியையே பார்த்தாள், கணவரைப் பார்க்கவில்லை. வெயில் சாய்ந்து வேலி நிழல் வண்டிமேல் ஏறியது. நாச்சியப்பன் எழுந்து செருப்பை மாட்டினார்.

"ஐயா எந்திரிக்கிற மாதிரி தெரியலயேம்மா. நான் ஃபெர்ரியப் பிடிக்கணும். வேற வண்டி பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருடைய கார் தெருமுனை திரும்பியதும் வண்டிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"போயிட்டாரா?"

கனகேஸ்வரி கதவைத் திறந்தாள். தியாகராஜா கண்ணைத் திறந்தபடி மல்லாந்து கிடந்தார்.

"எப்பப்பா முழிச்சீங்க?"

"அவர் முதல் கோப்பி கேட்டப்பவே. இறங்கி வந்தா, குடுத்த வாக்குக்கு அவர் முகத்தப் பாத்துப் பேசணும். நல்ல மனுசன்." விசிறியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "சரி, எங்க போறதா உத்தேசம்?"

அவள் முன்பக்கம் ஏறிச் சாவியைத் திருப்பிவிட்டாள்.

"இரப்பா, சட்டைய எடுத்துட்டு வாறன்," என்று எழுந்து உட்கார்ந்தார் தியாகராஜா.

"ஈப்போவில வாங்கலாம்," என்றாள், வண்டியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டே.