ஆற்றோரத்து நாணல்

பேருந்து ஜன்னல் வழியே நாணல் எரியும் வாசனை வந்ததும் அப்பாவின் நினைவு வந்தது.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அவர் ஆற்றோரத்து நாணலை எரித்து, வயலைக் கரைவரை நீட்டினார். தீப்பெட்டி எடுத்துக் கொடுத்தது நான். அந்த ஐப்பசி மழை வெறும் கரையை அரித்து, மண்ணைக் கடலில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

எங்களுக்கு நண்டு கொண்டுவரும் செல்வி அக்கா ஒருநாள் வெறும் கூடையோடு வந்தார்.

"கடல்ல மீன் தங்குற பாறையெல்லாம் சேறு மூடிடுச்சும்மா. நாணலை அழிச்சது யாருன்னு தெரியுமா?"

அப்பா உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியாதுக்கா" என்றேன்.

அவர் என்னை நம்பினார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். பிறகு திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அப்பா இப்போது இல்லை. அந்த வயல் என் பேரில் இருக்கிறது.