மணி அடித்தால் திறக்கும் வாய்

இருபத்திரண்டு வருஷமாக ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்பவள் அவள். அந்தக் குரல் கேட்டால் நின்றுபோன கடிகாரங்களும் ஓடத் தொடங்கும் என்பார்கள். அதில் பாதியாவது உண்மை. தங்கை வைத்த பெயர் ஒலிபெருக்கி.

அந்த ஒலிபெருக்கியின் மேல்வரிசை முன்பல் ஒன்று ஆட்டம் கண்டுவிட்டது.

பல் மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. "நான் சுத்தம் பண்ணிட்டேன். இனிமே உங்க கையில. தினமும் தேய்ச்சு, பல்லிடுக்குல தண்ணி பீச்சிக் கழுவுங்க. ஆறு வாரத்துல ஈறுல ரத்தம் நிக்கணும். நிக்கலேன்னா பல்லை எடுத்துர வேண்டியதுதான்."

இவளுக்கு முன்னால் அறிவித்தவர் கட்டுப்பல் வைத்ததும், 'சற்று நேரத்தில்' என்ற சொல்லில் சீழ்க்கை கிளம்பிற்று. மறு மாதமே அவரைத் தொலைந்த பொருள்கள் அறைக்கு அனுப்பிவிட்டார்கள், குடைகளோடு குடையாக.

அன்று மாலையே தங்கையை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். விற்பனையாளர் இரண்டு மின்கருவிகளை எடுத்து வைத்தார்.

"இதுல பிரஷ்ஷும் சுத்தும், அதோட நடுவுல இருந்தே தண்ணியும் வரும் மேடம். ரெண்டே நிமிஷம். அதுல ரெண்டும் தனித்தனிக் கைப்பிடி. தேய்ச்சுட்டு அப்புறம் தண்ணி. அஞ்சாறு நிமிஷம் ஆகும்."

"ஒண்ணா இருக்கிறதையே எடுக்கா," என்றாள் தங்கை. "நீ எழுந்திருக்கிற லட்சணத்துக்கு ரெண்டு நிமிஷமே ஜாஸ்தி."

"சும்மா இருடி. போறது என் பல்லு."

கடையின் கழுவுதொட்டியில் முயன்று பார்க்கச் சொன்னார்கள். "உதட்டை மூடிக்கங்க. முப்பது விநாடிக்கு ஒரு தடவை மணியடிக்கும். அடுத்த பக்கம் மாத்தணும்."

குனிந்தாள். உதட்டை மூடினாள். முப்பதாவது விநாடியில் கருவி டிங்-டாங் என்றது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு!"

இருபத்திரண்டு வருஷப் பழக்கம். மணி அடித்தால் வாய் திறந்துவிடும். தண்ணீர் விற்பனையாளரின் கண்ணாடியை நனைத்து, கூரை விளக்கைக் குளிப்பாட்டியது. பின்னால் நின்ற ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவள் சிரிக்கவில்லை. தொட்டியில் தண்ணீர் சிவப்பாக இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மணியை நிறுத்த முடியாதா?"

"இந்த மாடல்ல முடியாது மேடம்."

"தண்ணி தனியா இருக்கிறதுல மணி உண்டா?"

"தண்ணி பீச்சுறதுல கிடையாது. பிரஷ்ல மட்டும்தான்."

"பிரஷ் அடிக்கட்டும். நுரைதானே தெறிக்கும்."

தனித்தனியாக இருப்பதையே வாங்கினாள். அலாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் வைத்தாள். மூன்றாம் வாரமும் தண்ணீர் சிவப்புதான். நான்காம் வாரம் ரோஜா நிறம். ஐந்தாம் வாரம் ஒருநாள் தெளிவு, மறுநாள் மீண்டும் சிவப்பு. அன்று அலுவலகத்தில் குடை அறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஆறாம் வாரம் பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தாள். மருத்துவர் மெல்லிய கம்பியால் ஈறைச் சுற்றிலும் தொட்டார். பஞ்சை ஒற்றினார். எடுத்தார். விளக்குக்கு நேரே பிடித்தார். அந்த நேரம் பார்த்து வாசல் அழைப்புமணி டிங்-டாங் என்றது. நல்லவேளை, வாய் ஏற்கெனவே திறந்திருந்தது.

பஞ்சு வெள்ளையாக இருந்தது.

"ஆட்டமும் குறைஞ்சிருக்கு. பல்லு இருக்கட்டும். விடாம செய்யுங்க."

அன்று மாலை ரயில் இரண்டு மணி நேரம் தாமதம். ஆனாலும் 'சற்று நேரத்தில்' வரும் என்று அவள் நான்கு முறை அறிவித்தாள். தாமதத்தை இத்தனை குதூகலமாக யாரும் சொல்லி நாங்கள் கேட்டதில்லை என்று பயணிகள் புகார்ப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார்கள்.