கலவை எண் 71104

நம்பாதவர்கள் நாவலூருக்கு வந்து அந்தக் கணினியைப் பார்க்கலாம். செக்யூரிட்டி உள்ளே விட மாட்டார். அது வேறு விஷயம். நடந்தது நள்ளிரவிலும் அல்ல. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல்.

மீன்பிடிப் படகுகளில் வைக்கும் அபாயக் கருவிக்கு நாங்கள் மென்பொருள் செய்கிறோம். படகு கவிழ்ந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். கரைக்குச் செய்தி போகும். மென்பொருளில் நானூறு வசதிகள். எது இருக்கட்டும், எது வேண்டாம் என்று கணினியே சீட்டுக் குலுக்கி ஒரு கலவையை உருவாக்கும். அது வேலை செய்கிறதா என்று நாங்கள் பார்ப்போம். ஒவ்வொரு கலவைக்கும் ஒரு நம்பர். நம்பரைத் தட்டினால் அதே கலவை திரும்ப வரும்.

வெள்ளிக்கிழமை, என் பக்கத்து இருக்கை ஸ்டான்லி ஒரு கலவையில் பொத்தான் செத்துக் கிடப்பதைப் பார்த்தான். பதற்றத்தில் நம்பரைக் குறிக்காமல் திரையை மூடிவிட்டான்.

எங்கள் மேலாளர் சதாசிவத்தின் அட்டையில் 'உலகளாவிய தரத் தலைவர்' என்றிருக்கும். அந்த உலகம் மூன்றாவது மாடியோடு முடிந்துவிடும்.

"நம்பர் இல்லாத பிழை பிழையே இல்லப்பா. திங்கக்கிழமை வெளியீட்டு விழா. குத்துவிளக்கு வாடகைக்குச் சொல்லியாச்சு."

ஸ்டான்லி சோதனைக்கு வைத்திருந்த அபாயக் கருவி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டான்.

"ஜைத்து, நீ இங்க தேடு மச்சான். நான் வூட்ல குலுக்கி இதுல ஏத்தினு, எங்கூரு துரை அண்ணாத்த மீன்புடி படகுல வச்சிப் பாக்குறேன்."

"விளக்கு ஏத்துறதுக்குள்ள வந்துடுவியா?"

"நம்பரோட வரேன் பாரு."

கடலோரத்தில் இருக்கும் தன் ஊரான சதுரங்கப்பட்டினத்துக்குப் போய்விட்டான்.

ஞாயிறு. அலுவலகத்தில் நான் மட்டும்.

2.17. கணினி 'டிக்' என்றது. கலவை 71104. பொத்தான் செத்திருந்தது. கிடைத்துவிட்டது! ஸ்டான்லிக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே.

2.24. டிக். அடுத்த கலவை... 71104.

குலுக்கலில் ஒரே நம்பர் அடுத்தடுத்து வராது.

2.31. கணினியை அணைத்துப் போட்டேன். டிக். 71104.

2.40. டிக்... 71104.

விசைப்பலகை ஈரமாக இருந்தது. உப்பு வாடை.

2.52. பிளக்கைப் பிடுங்கினேன்.

திரை அணையவில்லை.

71104...

நகர முடியவில்லை. யாரையாவது கூப்பிடவும் தோன்றவில்லை.

3.20. அணைந்தது.

சாயங்காலம் இன்னொரு படகு துரை அண்ணனைக் கரை சேர்த்தது. ஸ்டான்லி மறுநாள் காலையில் கிடைத்தான். கருவி கையிலேயே இருந்தது.

சதாசிவத்திடம் நம்பரைக் கொடுத்தேன். "இப்பதான் இது பிழை" என்று பதிவு செய்துகொண்டார். குத்துவிளக்கு திரும்பிப் போனது.

அடக்கத்தன்று துரை அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"படகு கவுந்ததுலேர்ந்து அமுக்கிகினே இருந்தான்பா. 'ஜைத்து ஆபீஸ்லதான் கீறான், பாத்துடுவான்'னு சொல்லிகினே இருந்தான்..."

கருவியின் நினைவகத்தை நான்தான் திறந்தேன். அதில் ஏற்றியிருந்த கலவை 71104. செய்தி எதுவும் போகவில்லை; பொத்தான் அமுக்கப்பட்ட நேரங்கள் மட்டும் பதிவாகியிருந்தன: 2.17. 2.24. 2.31. 2.40.

கடைசியாக 2.52.

விரல் விலகியது, 3.20.