பளிங்குக் கால்தாங்கி

பட்டறையில் அவனுக்குப் பெயர் உருக்கி. அவன் முறைத்தாலே பிளாஸ்டிக் தகடு அடுப்புக்குப் போகாமல் இளகிவிடும் என்று கூட வேலை செய்கிறவர்கள் சத்தியம் செய்வார்கள். அதில் பாதியைத் தள்ளிவிட்டாலும், கால்தாங்கி செய்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை என்பது மட்டும் நிஜம்.

ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவன் அக்காவின் இடது பாதம் தொங்கிப்போயிற்று. கெண்டைக்காலோடு சேர்த்துப் பாதத்தைப் பிடிக்கும் பிளாஸ்டிக் தாங்கி போட்டால்தான் அது நிமிரும். அவள் பாட்டு டீச்சர். வகுப்பும் பியானோவும் பள்ளிக்கூடத்து மாடியில்.

“பால் வெள்ளையா, ஆஸ்பத்திரி சாமான் மாதிரி ஒண்ணைக் கொண்டு வந்தே, உன் தலையிலயே மாட்டி விட்டுருவேன்,” என்றாள்.

“பளிங்கு மாதிரி பண்ணித் தர்றேன்க்கா. போட்டிருக்கியான்னு உனக்கே சந்தேகம் வரும், பாரு.”

அந்தத் தகடு அடுப்பில் இளகும்போது கண்ணாடியாய்த் தெளியும். காலின் அச்சில் போர்த்தி ஆறவிட்டால் மறுபடி பால் நிறமாகும். அந்தத் தெளிவைத் தப்பவிடாமல் பிடிக்க நினைத்தான் உருக்கி. மெல்லிய தகடாகத் தேர்ந்தெடுத்தான். அச்சில் போர்த்திய சூட்டோடு ஐஸ் தண்ணீரில் முக்கினான்.

மேற்பார்வையாளரம்மா பார்த்துவிட்டாள். “டேய், அதைப் பொறுமையா ஆற விடு. உள்ளே நீள நீளமா சங்கிலி கணக்கா மூலக்கூறு இருக்கு. மெல்ல ஆறுனாத்தான் மடிஞ்சு மடிஞ்சு வரிசையாப் படுக்கும். வெறைப்பே அதுலதான் வருது, அந்த வெள்ளையும் அதாலதான். திடீர்னு குளிர வச்சா நின்னது நின்னபடி சிக்கிக்கும். அழகா இருக்கும், ஆனா வளையும்.”

“எங்கக்கா எடைக்குக் காகிதமே தாங்கும்மா!” என்று சிரித்தான். பட்டறையே சிரித்தது.

அக்கா பூரித்துப்போனாள். “எங்கடா தாங்கி? காத்தைக் கட்டி விட்டியா?” என்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் காலைக் காட்டிக்கொண்டு திரிந்தாள். அவள் நடையில் தாங்கி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒருநாள் மாடிப்படியில் பாதம் சரிய, கால் விரல் படி விளிம்பில் மாட்டிக்கொண்டது. விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது.

அவள் எழுந்து நடமாடத் தொடங்கியபோது இன்னொரு தாங்கி கொண்டுபோனான். தடித்த தகடு, நிதானமாக ஆறியது, சுத்தப் பால் வெள்ளை. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான்; திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவளோ வாங்கி மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு அவன்தான் கூட்டிப்போனான். பாதம் இம்மியும் தொங்கவில்லை. மாடியில் யாரோ பியானோவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா கைப்பிடியைத் தொட்டாள், முதல் படியைப் பார்த்தாள், கையை எடுத்துக்கொண்டாள்.

“இது வளையாதுக்கா. சத்தியமா வளையாது.”

“தெரியும்டா. தாங்கி நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் தைரியம் வரல. கீழே நூலகத்துல ஏதாவது வேலை இருக்கான்னு கேட்டுட்டு வா.”

அவன் போய்க் கேட்டான். இருந்தது.