நைட்ரஜன் விட்டும் எழுந்த பீக்

1. வெள்ளிக்கிழமை

ஷைனியின் ஆய்வுக் கட்டுரையைத் திங்கட்கிழமை அனுப்புவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் நான் அதைக் கெடுத்தேன்.

கருங்கல் பக்கம் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் டெக்னீசியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஷைனி இரண்டு பிள்ளைகளின் தாய். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவள். வெளிச்சம் பட்டால் வேலை செய்யும் ஒரு பொடிதான் அவளுடைய கேட்டலிஸ்ட், அதாவது வினையூக்கி. அதைத் தண்ணீரில் கலக்கி, கார்பன் டை ஆக்சைடை விட்டு, விளக்கைப் போட்டால் கொஞ்சம் மெத்தனால் உண்டாக வேண்டும். மெத்தனால் இருந்தால், கலவையில் என்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் ஜி.சி. மெஷின் வரையும் கோட்டில் ஒரு மேடு எழும். அதைப் பீக் என்போம். எங்களுக்குப் பெரிய பீக் கிடைத்திருந்தது. டிபார்ட்மென்டில் கேக் வெட்டியாயிற்று.

அன்று ஒரு ஒழுங்குக்காக பிளாங்க் ஓட்டினேன். அதாவது, கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் நைட்ரஜன். மெத்தனால் வரவே கூடாது. அதே உயரத்தில் பீக் வந்தது.

2. என் கை

பொடியைக் கடைசியாகக் கழுவியவள் நான். சீக்கிரம் காயட்டும் என்று மெத்தனாலில் அலசியிருந்தேன். பொடியில் ஒட்டியிருந்ததைத்தான் மெஷின் காட்டியிருக்கிறது.

மெஷின் வரைந்த அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஷைனியைக் கூப்பிட்டேன்.

"மக்கா, நமக்க பீக்கு பொய்யாக்கும். எனக்க கைத்தப்பு."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு வருசம், அக்கா" என்று அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, அவளே பழைய தாளையும் புதிய தாளையும் எடுத்துக்கொண்டு, அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டியான சாரின் அறைக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன்.

சார் இரண்டு கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். "அனுப்பண்டாம்" என்றார். "வேற ஒருத்தன் சொல்லதுக்கு முன்ன நம்மளே கண்டுபிடிச்சிட்டோம்லா. முதல்லேர்ந்து தொடங்குங்க."

3. வாழைத்தண்டு

பொடியைத் தண்ணீரில் மட்டும் கழுவி, பர்னஸ் உலையில் சுட்டோம். இந்த முறை நைட்ரஜனில் பீக் இல்லை. கார்பன் டை ஆக்சைடில் சின்னதாக ஒன்று எழுந்தது.

"இத்திரிதான்" என்றேன்.

"பொய்யில்ல, உள்ளதாக்குமே, அக்கா" என்றாள் ஷைனி.

அடுத்து அவள் சந்தையில் அழுகிக் கிடந்த வாழைத்தண்டை அரைத்து, அந்தக் கழிவுநீரைப் பொடியோடு சேர்த்தாள். கழிவு சிதையச் சிதைய, வாயு மெத்தனாலாக மாறுவது எளிதாகும் என்பது அவள் எண்ணம். பீக் ஏறியது. நான் துள்ளினேன். அவள் துள்ளவில்லை. "நைட்ரஜன் போடுங்க, அக்கா."

போட்டோம். பீக் சின்னதாகத்தான் எழுந்தது. கழிவிலிருந்தே கொஞ்சம் வந்தது; பெரும்பகுதி வாயுவிலிருந்துதான். தண்ணீரின் நாற்றமும் குறைந்திருந்தது. கட்டுரை தாமதமாகத்தான் போனது, ஆனால் கேள்விகளுக்கு ஈடுகொடுத்து நின்றது.

ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தப்பு உங்கள் கையில் நடந்திருந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். மறுநாள் அதைச் சொல்வது இன்னும் கஷ்டம்.