மாமன் துணியில் சினிமாக் கை

படத்தைத் துணிக்காகப் பார்த்தவள் நான். இதைச் சொன்னால் இப்போதும் சிலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். பிதுக்கட்டும். சண்டைக்காகப் படம் பார்ப்பவர்கள் உண்டு, பாட்டுக்காகப் பார்ப்பவர்கள் உண்டு, அழுவதற்கென்றே முந்தானையைத் தயாராக வைத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அவர்களை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. துணியைப் பார்க்கப் போனேன் என்றால் மட்டும், புத்தியைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுப் போனவளைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் வீடு மானகிரியில். வயலும் மாடுமாக வாழ்ந்த குடும்பம். ஒரு படத்துக்கு இரண்டாம் பாகம் வருவதென்பது அந்தக் காலத்தில் கேள்விப்படாத சங்கதி. நான் சொல்லும் படத்துக்கு வந்தது. முதல் பாகம் கறுப்பு வெள்ளை. அதில் நாயகி பாவப்பட்ட டீச்சர். படம் முழுக்க இரண்டே புடவைகளை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு அழுதாள். கடைசியில் கப்பலேறிப் போனாள். இரண்டாம் பாகத்தில் அவள் பணக்காரியாகத் திரும்பி வந்தாள், அதுவும் கலரில்.

காரைக்குடியில் படம் வந்த அன்றே என் அண்ணன் பார்த்துவிட்டு வந்து எரிந்து விழுந்தான். கதையே இல்லையாம். காட்சிக்குக் காட்சி அவள் உடை மாற்றுவதைத்தான் படமாகப் பிடித்து வைத்திருக்கிறார்களாம். எங்களைக் கூட்டிப் போகக் கூடாது என்று நினைத்துத்தான் அதைச் சொன்னான். அடுத்த நாளே நானும் மதினியும், அதாவது அவன் மனைவியும், மேட்னிக்குப் பஸ் ஏறிவிட்டோம்.

பெண்கள் பகுதியில் இருந்தது முதுகு சாய இடமில்லாத பெஞ்சு. அது எங்களுக்குத் தெரியவேயில்லை. மலைக்காட்சியில் அவள் மழைக்கோட்டுப் போட்டு வந்தாள். கிளப்பில் ஜிகினா வைத்த கவுனில் ஆடினாள். குளிர்கண்ணாடியைக் கழற்றாமலே வில்லனோடு பேசினாள். பிறகு ஒரு மாடிப்படியில் மயில்நீலப் பட்டுக் கட்டி இறங்கி வந்தாள். ரவிக்கையின் கை முழங்கை வரைக்கும் இறுக்கமாகப் பிடித்திருந்தது. அங்கிருந்து பூசணிப்பூவைக் கவிழ்த்த மாதிரி மணிக்கட்டை நோக்கி விரிந்தது. அவள் படியின் கைப்பிடியைத் தொட்டதும் அந்தத் துணி ஒரு தரம் அசைந்து அடங்கியது. வயலில் களையெடுத்தும் சாணி அள்ளியும் வந்த என் கைகளுக்கு அப்படி ஓர் அழகு வாய்க்கும் என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை. அழகான ஒன்றைப் பார்த்து எனக்கும் வேண்டும் என்று நினைத்தேன். அதற்காக ஒருநாளும் நான் வெட்கப்பட்டதில்லை.

அந்தச் சட்டையை மனதில் பதித்து எடுத்து வருவதற்காகவே மறுபடியும் போனோம். வேலையைப் பிரித்துக்கொண்டோம். கழுத்தையும் முதுகையும் மதினி பார்க்க வேண்டும், கையை நான் பார்க்க வேண்டும். நாயகியின் அப்பா சாகும்போது கொட்டகையே விம்மியது. நாங்கள் இருவரும் அவள் தோள்பட்டையில் எத்தனை சுருக்கு என்று குசுகுசுத்துக்கொண்டிருந்தோம். முன்பெஞ்சு அம்மாள் திரும்பி முறைத்தாள். வீட்டுக்கு வந்து பழைய செய்தித்தாளில் வெட்டி, குண்டூசி குத்தி, என் கையில் சுற்றிப் பார்த்தோம். மதினியின் கல்யாணச் சீரில் ஒரு தையல் மிஷின் வந்திருந்தது. எனக்கும் அதில் பழக்கம் உண்டு.

அந்தச் சமயத்தில்தான் கோவிலூர்ப் பக்கம் ஓர் இடம் தகைந்து, எனக்குப் பரிசம் போட நாள் குறித்தார்கள். மாப்பிள்ளைக்குக் கவர்மெண்ட் உத்தியோகம். அம்மா கால் தரையில் பாவாமல் நடந்தாள்.

எங்கள் வழக்கத்தில், பரிசத்தன்று பெண் தாய்மாமன் எடுத்துக் கொடுத்த பட்டோடுதான் சபையில் வந்து உட்கார வேண்டும். மாப்பிள்ளை வீட்டுப் பரிசப் புடவை கைக்கு வரும்வரை மாமன் துணியை உடம்பிலிருந்து இறக்கக் கூடாது. சிங்கம்புணரியிலிருந்து மாமா பட்டோடும் ரவிக்கைத் துணியோடும் வந்தார். ரவிக்கைத் துணி கூடுதலாக வேண்டும் என்று முன்பே மதினியை விட்டுச் சொல்லி வைத்திருந்தேன். அந்த நல்ல மனிதர் எதற்கென்று கேட்காமல் ஒன்றுக்கு இரண்டாக எடுத்து வந்திருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு நானே வெட்டினேன், நானே தைத்தேன். பரிசத்தன்று மதினி கையோரத்தில் மஞ்சள் தடவி எனக்குப் போட்டுவிட்டாள்.

நான் சபைக்கு வந்ததும் எல்லார் கண்ணும் என் ரவிக்கைக் கைக்குப் போனது. கையில்லாமல் போட்டிருந்தால் என்ன சொல்லித் திட்டுவது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். நானோ மணிக்கட்டு வரைக்கும் மூடியல்லவா வந்திருக்கிறேன். பாவம், திணறிப் போனார்கள். கடைசியில் மாப்பிள்ளையின் அம்மாதான் வாயைத் திறந்தார். பரிசப் புடவைத் தட்டு அவர் மடியில் இருந்தது. இந்தச் சினிமாச் சட்டையை மாற்றிவிட்டு வந்தால்தான் தட்டைக் கொடுப்பேன் என்று, என்னிடம் சொல்லாமல் என் அம்மாவிடம் சொன்னார்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். முகம் கறுத்திருந்தது. ஒரு பழைய ரவிக்கையை எடுத்து என் மேல் வீசிவிட்டு, என் கையிலிருந்து உருவப் போனவள் அந்த மஞ்சளைப் பார்த்ததும் நின்றாள். அது அவள் பிறந்த வீட்டுத் துணி. சபையில் அதை இறக்கினால் அவள் தம்பிக்குத் தலைகுனிவு. பிறகு கசங்கியிருந்த கையை நீவிவிட்டு, என்னை அதே சட்டையோடு திரும்பக் கூட்டி வந்தாள்.

"எந்தம்பி எடுத்துக் குடுத்தது. பரிசப் பொடவை வார வரைக்கும் எறக்குற வழக்கம் இல்ல" என்றாள்.

எனக்காக அவள் பேசவில்லை, தம்பிக்காகப் பேசினாள். அது எனக்கு வலித்தது. அந்தக் கையை அவள் ஒரு முறையாவது நன்றாக இருக்கிறது என்று பார்த்திருக்கலாம்.

அந்தப் பக்கம் தலைகள் கூடிக் கலந்து பேசின. வழக்கமென்றால் இன்றைக்கு இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு இந்த மாதிரித் தைக்க மாட்டேன், சினிமாக் கொட்டகைப் பக்கம் போக மாட்டேன் என்று பெண் தன் வாயால் சொல்லிவிட்டுப் புடவையை வாங்கட்டும் என்றார்கள். தட்டு என் முன்னால் நீண்டது. மாமன் துணி அதுவரைக்கும்தான் எனக்குக் காவல். அதற்கு மேல் நானே பேச வேண்டும். சும்மா தலையை ஆட்டிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள் என்று மதினி காதில் சொன்னாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சமையல்கட்டில் விருந்து தயாராகிக்கொண்டிருந்த வாசனை வந்தது.

தலையை ஆட்டுவது சுலபம். ஆட்டினால், நல்ல உத்தியோகக்காரரின் மனைவியாகக் கழுத்து வரை மரியாதையோடு இருந்திருப்பேன். அந்த மாடிப்படியை இனி நினைக்கக்கூட மாட்டேன் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகியிருக்கும்.

"எனக்குப் புடிச்சுத்தான் தச்சேன். அங்க வந்தாலும் தச்சுப் போடுவேன், படத்துக்கும் போவேன்" என்றேன்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா மட்டும் தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைப்பது போலச் சிரிப்பை மறைத்தார் என்று பிறகு மதினி சொன்னாள். நான் பார்க்கவில்லை. என் கண் அந்த அம்மாளின் மேல்தான் இருந்தது. அவர் தட்டை இழுத்துக்கொண்டு எழுந்தார். அவரோடு வந்தவர்களும் எழுந்தார்கள். வாசலில் செருப்பைத் தேடியபடியே திரும்பி என்னைப் பார்த்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

"ஒரு சட்டைக் கைக்காக நல்ல எடத்த விட்டுட்டியேத்தா."

"நீங்களும் அதுக்காகத்தானே எந்திரிச்சுப் போறீக" என்றேன்.