ஒரு படித் தவிடு

சின்னப் பிள்ளைகளை அழவைக்க எங்கள் ஊர் நூம்பலில் பெரியவர்கள் சொல்லும் பேச்சு ஒன்று உண்டு: உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம். என் பேரப்பிள்ளைகள் மூன்று பேரும் அதைக் கேட்டு அழுதிருக்கிறார்கள். நான் அழுததில்லை. என்னை மெய்யாகவே தவிட்டுக்குத்தான் வாங்கினார்கள்.

வெள்ளைக்காரன் காலம். எனக்கு ஆறு வயது நிறையவில்லை. எனக்கு முன்னால் பிறந்த நான்கும் தங்கவில்லை. என்னை உட்காரவைத்து அதை யாரும் சொன்னதில்லை, ஆனால் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அதனாலோ என்னவோ, கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணிப் பார்க்கும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது. தொழுவத்து மாடுகளை எண்ணுவேன், வீட்டு ஆட்களை எண்ணுவேன். ஒன்று குறைந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இன்றைக்கும் மாத்திரைகளை இரண்டு தரம் எண்ணுகிறேன் என்று மருமகளுக்குக் குறை.

அந்த வருஷம் எனக்குக் கடுங்காய்ச்சல் வந்து போனது. அம்மாவின் பழைய வேண்டுதலை இனித் தள்ளிப்போடக் கூடாது என்று அத்தை முடிவு கட்டினாள். அத்தை, நைனாவின் அக்காள். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவள் முடிவு கட்டினால் நைனா வண்டி கட்டுவார்.

எங்களுக்குத் தெய்வம் திருவேற்காட்டு அம்மன். ஆனால் பழவேற்காட்டுக்குத் தெற்கே, ஒரு மீனவக் குப்பத்தில் இருந்த பழைய மாதா கோயிலுக்குப் பிள்ளை தங்காத வீட்டார் எல்லாச் சாதியிலிருந்தும் போவார்கள். பட்டணம்வரை மாட்டுவண்டியில் போனோம். அங்கிருந்து கால்வாயில் விறகுப் படகு.

எப்போதோ கப்பலில் வந்தவர்கள் கட்டிய கோயிலாம். கிளிஞ்சல் சுண்ணாம்புச் சுவர் நான் கையை நீட்டி அளக்க முடியாத கனம். கடலைப் பார்த்த பெரிய வாசலை மணல் பாதிவரை மூடிவிட்டதால் பக்கவாசல் வழியாகத்தான் புழக்கம். தரையில் ஒன்பது கல்லறைக் கற்கள், எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில். மேலே உத்தரத்தில், புயலில் தப்பிக் கரைசேர்ந்தவர்கள் செய்து தொங்கவிட்ட சின்னச் சின்ன மரப்படகுகள். பதினேழு. படகு இல்லாமல் ஒரு கயிறு மட்டும் தொங்கியது. அதை எண்ணுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

வேண்டுதல் கோயிலுக்குள் நடக்காது. சாமியாருக்கு அது பிடிக்காது. அவர் எப்போதாவது வருகிறவர். அவர் இல்லாத நாளில் செபம் சொல்லும் உபதேசியார், வெளியே மணிக்கம்பத்தடியில் அதை நடத்திவைப்பார். பெற்றவர்கள் பிள்ளையை மணலில் விட்டு, வேண்டாம் என்று சொல்லி, திரும்பிப் பாராமல் போகவேண்டும். குப்பத்துப் பெண் ஒருத்தி எடுத்துக்கொள்வாள். அப்புறம் பெற்றவர்களே யாரோ போல வந்து ஒரு படித் தவிடு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். தவிட்டு விலைக்குப் போன பிள்ளையைச் சாவு சீந்தாது என்பது நம்பிக்கை.

அம்மாவுக்கு “வேணாம்” என்ற சொல் வாயில் வரவில்லை. அத்தை இடுப்பில் கிள்ளிய பிறகு வந்தது. நெட்டையாக ஒரு அம்மாள் என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவளிடம் மீன் வாசமும் புகை வாசமும் அடித்தன. நைனா பெருமையோடு பையை அவிழ்த்தார்.

உபதேசியார் எட்டிப் பார்த்தார். “இன்னா நைனா இது, அரிசி?”

“சம்பா அரிசிங்க. நம்ம நெலத்துல வெளஞ்சது.”

“அரிசி குடுத்தா புள்ளைக்கு வெல வெச்ச மாரி பூடுமே. தவுடு எங்க?”

நைனா அத்தையைப் பார்த்தார். அத்தை அம்மாவைப் பார்த்தாள்.

“நம்மூட்ல தவுடு கால்ல மிதிபடுது. அத்தப் போயி யாரு மூட்ட கட்டிகினு வருவா?” என்றாள் அத்தை.

“இங்க இன்னா நெல்லா வெளையுது? மணலுதான் வெளையுது. வோணும்னா ஒரு மூட்ட அள்ளிகினு போ” என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

உபதேசியார் வீடுவீடாகப் பேர் சொல்லிக் கேட்டார். யாரிடமும் இல்லை. கடைசியாக என்னை வைத்திருந்தவளைக் கேட்டார்.

“எங்கூட்ல ஏது?” என்றாள் அவள்.

உப்பங்கழியைத் தாண்டிப் போனால் கடைத்தெருவில் கிடைக்கும். பொழுது சாய்வதற்குள் வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வேண்டுதல் பலிக்காது. நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அம்மா என்னிடம் கை நீட்டினாள்.

“தொடாத தாயி. தவுடு வர்ற வரிக்கும் புள்ள இந்தம்மாளோடது” என்றார் உபதேசியார்.

அம்மா கையை மடக்கிக்கொண்டு மணிக்கம்பத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த அம்மாளின் குடிசை கோயிலுக்குப் பின்னால் இருந்தது. கடற்காற்றுக்கு எனக்கு நடுக்கம் எடுத்தது. பரணிலிருந்து ஒரு சட்டையை எடுத்து உதறிப் போட்டுவிட்டாள். எனக்குத் தைத்ததுபோல் இருந்தது. மீன்குழம்பு ஊற்றிப் பிசைந்து ஊட்டினாள்.

“இன்னும் ரெண்டு வாயி துன்னு, ராசா.”

“எங்கம்மா தேடும்.”

“இப்ப நாந்தான்டா ஒங்கம்மா” என்று சிரித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுப்புப் புகை என்று நினைத்தேன்.

எண்ணத் தெரியுமா என்று கேட்டாள். அப்படி என்னிடம் யாரும் கேட்டதில்லை. அவள் வீட்டுப் பானைகளை எண்ணிக் காட்டினேன். தண்ணீர் இரண்டு, கஞ்சி ஒன்று, அரிசி ஒன்று, கருவாடு இரண்டு. ஏழாவது பானை மூலையில் இருந்தது, ஓட்டுச்சில் போட்டு மூடி. அதைச் சுற்றிக் கோழி ஒன்று குஞ்சுகளோடு கிளறிக்கொண்டிருந்தது. சில்லைத் தள்ளி உள்ளே கைவிட்டேன். தவிடு. ஒரு பிடி அள்ளிக் குஞ்சுகளுக்கு இறைத்தேன். நைனா கொண்டுவரும் தவிடுதான் செல்லும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பினால் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டவில்லை. சில்லை எடுத்துப் பானையை மூடினாள். “வா, கோழி கொத்தும்” என்று வெளியே தூக்கிக்கொண்டு போய், மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தாள். நான் அலைகளை எண்ண ஆரம்பித்து அவள் மடியிலேயே தூங்கிவிட்டேன்.

கூச்சல் கேட்டு விழித்தபோது மணல் சிவந்து கிடந்தது. இடுப்புவரை நனைந்து, தலையில் மூட்டையோடு நைனா ஓடிவந்துகொண்டிருந்தார். அம்மா எழுந்து நின்றுவிட்டாள். படியில் அளந்து தவிட்டை அந்த அம்மாளின் முந்தானையில் கொட்டினார்கள். அவள் எனக்குப் போட்டுவிட்ட சட்டையை மெதுவாகக் கழற்றி மடித்து அக்குளில் வைத்துக்கொண்டாள். கையை மட்டும் விடவில்லை.

“வுடும்மா. பொழுது பூடுது” என்றார் உபதேசியார்.

விட்டாள். அம்மா என்னைத் தூக்கிய வேகத்தில் எனக்கு விலா வலித்தது.

திரும்பும் படகில் அத்தை நைனாவை ஓயாமல் ஏசிக்கொண்டு வந்தாள். பாழாய்ப்போன ஒரு படித் தவிட்டுக்கு ஒரு பகல் முழுக்கப் போச்சு என்று. அம்மா யார் பேச்சையும் கேட்கவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தடவிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். நகக்கண்களில் தவிடு ஒட்டியிருந்தது. நைனாவின் மூட்டையை நான் தொடவே இல்லை.

“இன்னாடி அது?” என்றாள் அத்தை.

“மணலு” என்று சொல்லிவிட்டு அம்மா என் கையைக் கால்வாய்த் தண்ணீரில் அலசினாள்.

எனக்கு என் கணக்கைச் சொல்லியாக வேண்டும். “அந்தம்மா ஊட்ல ஏழு பானை கீது. ஏழாவதுல—”

“ஆறுதான்” என்றாள் அம்மா.

“இல்ல, ஏழு!”

“ஆறுதான்டா, கண்ணு.”

நான் இரண்டு தரம் எண்ணியிருந்தேன். அம்மாவோ அந்த வீட்டு வாசலைக்கூட மிதிக்கவில்லை. பார்க்காதவள் எப்படிச் சொல்லலாம் என்று, பட்டணம் வந்து சேரும்வரை நான் ஆத்திரம் ஆறாமல் அழுதுகொண்டு வந்தேன்.